வெக்டர் கூட்டல் படம் தப்பாக வருகிறதா? வந்த விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

வெக்டர்களை, அதாவது விசை போல அளவும் திசையும் உள்ளவற்றை, அம்புகளாக வரைந்து கூட்டும் கணக்கில் விடை ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலோர் உடனே ரப்பரைத்தான் எடுக்கிறார்கள். முழுப் படத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைகிறார்கள். அதே கை, அதே பழக்கம், அதனால் அதே பிழை. பல நோட்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். மூன்று முறை அழித்து வரைந்த தடம் தாளில் தெரியும், மூன்று தடமும் ஒரே இடத்தில் இருக்கும்.

அழிக்க வேண்டாம். வந்த எண்ணையும் கோணத்தையும் ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள். வெக்டர் படத்தில் ஒவ்வொரு பிழைக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு. நீங்கள் வரைந்தது வேறொரு கேள்விக்கான படம், வந்தது அந்தக் கேள்விக்குச் சரியான விடை. அந்தக் கேள்வி எது என்று கண்டுபிடித்துவிட்டால் கை எங்கே மாறியது என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் வருபவை. முதலில் நீங்களே ஒரு முறை வரைந்து பார்த்துவிட்டுப் படித்தால் பயன் அதிகம்.

ஒரு புள்ளியில் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. அ விசை 60 நியூட்டன், 20° திசையில். ஆ விசை 80 நியூட்டன், 130° திசையில். இரண்டு கோணங்களும் வலப்பக்கம் போகும் கிடைக்கோட்டிலிருந்து இடஞ்சுழியாக அளந்தவை. அளவுத்திட்டம் 1 செ.மீ.க்கு 10 நியூட்டன். ஆக அ விசைக்கு 6 செ.மீ., ஆ விசைக்கு 8 செ.மீ. தொகுபயன், அதாவது இரண்டும் சேர்ந்து தரும் ஒரே விசை, என்ன?

வரையும் முறை இதுதான். தாளின் கீழ்ப்பகுதியில் தொடக்கப் புள்ளி வைத்து, அதன் வழியே மெல்லிய கிடைக்கோடு. அதிலிருந்து 20° அளந்து 6 செ.மீ. கோடு, முனையில் அம்புக்குறி. அந்த அம்புமுனை வழியே இன்னொரு கிடைக்கோடு. கோணமானியின் நடுப்புள்ளியை அம்புமுனையில் வைத்து, புதிய கிடைக்கோட்டிலிருந்து 130° அளந்து 8 செ.மீ. கோடு. கடைசியில், தொடக்கப் புள்ளியிலிருந்து இரண்டாவது அம்புமுனைக்கு ஒரு கோடு. அதன் நீளம் 8.2 செ.மீ., கோணம் ஏறக்குறைய 86.5°. அதாவது 82 நியூட்டன், கிட்டத்தட்ட நேர் மேலே. கையால் வரைவதால் 81 முதல் 83 வரையும், 85° முதல் 88° வரையும் வந்தால் சரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, வராதவர்களுக்கு.

விடை 140 நியூட்டன் வந்திருக்கிறது

60-ஐயும் 80-ஐயும் எண்களாகக் கூட்டியிருக்கிறீர்கள். படம் வரைந்திருந்தாலும் அதிலிருந்து அளக்கவில்லை. இரண்டு விசைகளும் ஒரே திசையில் இழுத்தால் மட்டுமே 140 வரும். நேர் எதிரெதிராக இழுத்தால் 20 வரும். வேறு எந்தக் கோணமாக இருந்தாலும் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 20-க்குக் கீழேயோ 140-க்கு மேலேயோ ஒரு விடை வந்தால், படத்தைப் பார்க்காமலே அது தப்பு என்று சொல்லிவிடலாம்.

சரியாக 100 நியூட்டன் வந்திருக்கிறது

பிதாகரஸ் தேற்றம் உள்ளே புகுந்துவிட்டது. 6, 8, 10 என்று அழகாக அமைவதால் விடை சரி என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடும். பிதாகரஸுக்கு இரண்டு விசைகளுக்கும் இடையே 90° வேண்டும். இங்கே இருப்பது 130 கழித்தல் 20, அதாவது 110°.

இதிலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. இடைக்கோணம் 90°-க்கு மேல் போனால் இரண்டு விசைகளும் ஓரளவு ஒன்றையொன்று எதிர்க்கின்றன, அதனால் தொகுபயன் பிதாகரஸ் விடையைவிடக் குறையும். 90°-க்குக் கீழே இருந்தால் கூடும். நம்முடையது 110°, ஆகவே விடை 100-க்குக் குறைவாக இருந்தே தீர வேண்டும். ஸ்கேலைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவும் சொல்லிவிட முடியும்.

விடை 115 நியூட்டன் வந்திருக்கிறது

இதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எது உங்களுடையது என்பதை நீளம் சொல்லாது, கோணம் சொல்லும்.

உங்கள் கோணம் 159° அல்லது அதற்கு நேர் எதிரான 339° என்றால், இரண்டு விசைகளையும் ஒரே புள்ளியிலிருந்து கிளப்பிவிட்டு, இரண்டு அம்புமுனைகளையும் ஒரு கோட்டால் இணைத்திருக்கிறீர்கள். முக்கோணம் என்றதும் மூன்றாவது பக்கத்தை மூடிவிடத் தோன்றுகிறது, கை தானாக அங்கே போகிறது. ஆனால் அந்தக் கோடு கூட்டலுக்குரியது அல்ல. அது கழித்தல். ஆ-வின் தலையிலிருந்து, அதாவது அம்புமுனையிலிருந்து, அ-வின் தலைக்குப் போனால் அ கழித்தல் ஆ. மறுபக்கம் போனால் ஆ கழித்தல் அ. வேறு கேள்விக்குச் சரியான விடை என்று சொன்னேனே, இது அதற்கு நல்ல உதாரணம்.

இணைகரம் முழுவதையும் வரைந்தவர்களுக்கும் இதே 115 வரலாம். இணைகரத்துக்கு இரண்டு மூலைவிட்டங்கள். விசைகள் கிளம்பும் மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போவதுதான் தொகுபயன். மற்றது வித்தியாசம். எது எது என்று குழம்பினால் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்டன் 1687-இல் இயக்க விதிகளை வெளியிட்டபோது, அவற்றுக்கு அடுத்து முதல் கிளைத்தேற்றமாக வைத்தது இந்த இணைகரத்தைத்தான். இரண்டு விசைகள் தனித்தனியே ஒரு பொருளை எவ்வளவு நேரத்தில் இணைகரத்தின் பக்கங்கள் வழியே கொண்டுபோகுமோ, சேர்ந்து செயல்பட்டால் அதே நேரத்தில் அதன் மூலைவிட்டம் வழியே கொண்டுபோகும் என்கிறார். பொருள் இருப்பது விசைகள் கிளம்பும் மூலையில். பயணம் அங்கிருந்துதானே தொடங்க முடியும்? பொருளே இல்லாத இரண்டு மூலைகளுக்கு இடையில் ஓடும் கோடு தொகுபயனாக இருக்க வழியில்லை.

வெக்டர் என்ற சொல்லுக்கு லத்தீனில் சுமந்து செல்பவர் என்று பொருள். ஒன்றின் தலையில் அடுத்ததன் வாலை, அதாவது அது தொடங்கும் முனையை, வைத்து வரைவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. முதல் வெக்டர் ஒரு பொருளைச் சுமந்துபோய் ஓரிடத்தில் இறக்கி வைக்கிறது. இரண்டாவது வெக்டர் அதை எங்கிருந்து எடுக்கும்? இறக்கி வைத்த இடத்திலிருந்துதான்.

சரி, உங்கள் கோணம் 61° பக்கத்தில் என்றால் காரணம் வேறு. தலையில் வாலைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் இடைக்கோணம் 110° என்று கணக்குப் போட்டு, அந்த 110°-ஐ முக்கோணத்தின் உள்கோணமாக வைத்துவிட்டீர்கள். இரண்டு வால்களும் ஒன்றாக இருக்கும்போதுதான் இடைக்கோணம் 110°. ஒன்றின் தலையில் மற்றொன்றின் வாலை வைத்ததும் உள்கோணம் 180 கழித்தல் 110, அதாவது 70° ஆகிவிடும். அ விசையின் கோட்டை அதன் தலையைத் தாண்டி ஒரு 2 செ.மீ. நீட்டிப் பாருங்கள். நீட்டிய கோட்டுக்கும் ஆ விசைக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த 110°. ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் இடைக்கோணத்தைக் கணக்கிடாமல் ஒவ்வொரு விசைக்கும் புதிய கிடைக்கோடு போட்டு அளப்பது நல்லது. நான் சொல்லித்தருவதும் அப்படித்தான்.

விடை 135 நியூட்டன், கோணம் 37°

கோணமானியில் தப்பான வரிசையைப் படித்துவிட்டீர்கள். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. ஒன்று வலமிருந்து 0 தொடங்கும், மற்றது இடமிருந்து. 130-உம் 50-உம் ஒரே கோட்டின் மேலும் கீழும் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் ஆ விசையை 130°-க்குப் பதிலாக 50°-இல் வரைந்திருக்கிறீர்கள்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, கோணமானியை வைப்பதற்கு முன்பே அந்தக் கோடு எந்தப் பக்கம் சாயும் என்று கையால் தோராயமாக ஒரு கோடு கிழித்துக்கொள்வது. 130° என்பது 90°-ஐத் தாண்டியது, ஆகவே இடப்பக்கம் சாய வேண்டும். தோராயக் கோடு இடப்பக்கமும் அளந்த கோடு வலப்பக்கமும் போனால் அந்த நொடியே தெரிந்துவிடும். கணக்கைப் படித்ததும் முழுப் படத்தையும் இப்படிச் சின்னதாக ஒரு முறை கிறுக்கிக்கொள்வது இன்னும் நல்லது. அரை நிமிட வேலைதான்.

விடை 62 நியூட்டன், கோணம் 102°

கோணமானி சரியான வரிசையில்தான் இருந்திருக்கிறது, ஆனால் தப்பான கோட்டின் மேல் இருந்திருக்கிறது. அ விசையை வரைந்து முடித்ததும் அதன் மேலேயே கோணமானியைப் படுக்கவைத்து 130° அளந்துவிட்டீர்கள். அ விசை ஏற்கெனவே 20° சாய்ந்திருப்பதால் ஆ விசை 150° திசையில் போய்விட்டது. சாய்ந்த கோட்டின் மேல் உட்கார்ந்த கோணமானி 20°-ஐயும் சேர்த்துக் கொடுக்கிறது.

இது கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தாளில் அழுத்தமாகத் தெரியும் கோடு அ விசை ஒன்றுதான், வேறு கோடு எதுவும் இல்லாதபோது கை அதன் மேல்தான் போகும். அதனால்தான் அம்புமுனை வழியே இரண்டாவது கிடைக்கோடு போடச் சொன்னேன். கிராஃப் தாளாக இருந்தால் அச்சிட்ட கோடுகளே போதும். கோடு போடாத வெள்ளைத்தாள் என்றால் இந்த மெல்லிய கோட்டை விடவே கூடாது.

82 நியூட்டன் சரியாக வந்தது, ஆனால் திசை தப்பு

மூன்று வகை உண்டு. 

கோணம் 266° அல்லது 267° என்று வந்தால் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். அ, ஆ இரண்டும் சுற்றிவந்த திசையிலேயே மூன்றாவதையும் ஓடவிட்டு முக்கோணத்தை மூடியிருப்பீர்கள். எல்லா அம்புகளும் ஒரே சுற்றில் ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் மூன்றின் கூட்டுத்தொகை பூச்சியம். அதாவது நீங்கள் கண்டுபிடித்தது மற்ற இரண்டையும் சமன் செய்யும் விசை. அதற்கு எதிர்சமனி என்று பெயர். ஆய்வகத்தில் கப்பிகளும் எடைகளும் வைத்து இணைகர விதியைச் சரிபார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகமாக வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு பக்கக் கயிறுகள் மேல்நோக்கி இழுக்க, நடுவில் தொங்கும் எடை கீழ்நோக்கி இழுக்கும். மூன்றும் சேர்ந்து முடிச்சை அசையாமல் வைத்திருக்கின்றன. அங்கே நடு எடை எதிர்சமனி. தாளில் வரையும் மூலைவிட்டம் அதற்கு நேர் எதிராக மேலே போகும். தொகுபயனுக்கு அடையாளம் எளிது: அதன் வால் முதல் வெக்டரின் வாலில் இருக்கும், தலை கடைசி வெக்டரின் தலையைத் தொடும். ஒரு மூலையில் இரண்டு தலைகள் முட்டிக்கொண்டால் படம் சரி.

கோணம் 66° அல்லது 67° என்றால் தொகுபயனுக்கும் அ விசைக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்திருக்கிறீர்கள். அளவு சரி, 20°-ஐக் கூட்ட வேண்டும். சில கணக்குகளில் ‘அ விசையுடன் தொகுபயன் ஏற்படுத்தும் கோணம்’ என்றே கேட்பார்கள். அப்போது இதுதான் விடை. கேள்வியை ஒரு முறை திரும்பப் படியுங்கள்.

கோணம் 3° அல்லது 4° என்றால் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்துவிட்டீர்கள். கோணத்தைச் சொற்களில் கொடுக்கும் கணக்குகளில் இது வெக்டரை வரையும்போதே நடந்துவிடும். ‘கிழக்கிலிருந்து வடக்கே 20°’ என்றால் கிழக்கு நோக்கி நின்று வடக்குப் பக்கம் 20° திரும்ப வேண்டும். ‘வடக்கிலிருந்து கிழக்கே 20°’ என்றால் வடக்கு நோக்கி நின்று கிழக்குப் பக்கம். இரண்டும் ஒரே கால்வட்டத்தில்தான், ஆனால் 50° தள்ளி. எந்தத் திசையிலிருந்து கிளம்புகிறோமோ அதுவே கோணமானியின் 0.

எல்லா விசைகளையும் ஒரே மாதிரி மாற்றிப் படித்தால், அதாவது இரண்டையும் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால், எண்மதிப்பு அப்போதும் 82 தான் வரும். படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், நீளம் மாறாது. ஆகவே எண்மதிப்பு சரியாக இருக்கிறதே என்று திசையை நம்பிவிட வேண்டாம். தனியாகச் சரிபாருங்கள்.

விடை 8.2, அல்லது 60 நியூட்டன் 59°

8.2 என்றால் செ.மீ.யை நியூட்டனாக மாற்ற மறந்துவிட்டீர்கள். 10-ஆல் பெருக்கினால் முடிந்தது. 60 நியூட்டன் 59° என்றால் அ விசைக்கு 1 செ.மீ.க்கு 10 நியூட்டனும் ஆ விசைக்கு 1 செ.மீ.க்கு 20 நியூட்டனும் வைத்திருக்கிறீர்கள். தாளில் இடம் போதவில்லை என்று பாதியில் அளவுத்திட்டத்தை மாற்றினால் இப்படி ஆகும். ஒரு படத்துக்கு ஒரே அளவுத்திட்டம். அதைத் தாளின் மூலையில் எழுதிவிட்டுத்தான் முதல் கோட்டைப் போட வேண்டும்.

இணைகரத்தின் நான்காவது மூலை சேரவில்லை

இரண்டு விசைகளையும் ஒரு புள்ளியிலிருந்து வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் மற்றதற்கு இணைகோடு போடும்போது, 8 செ.மீ.யும் 6 செ.மீ.யும் முடியும் இடத்தில் இரண்டு கோடுகளும் சந்திக்க வேண்டும். சந்திக்காமல் தாண்டிப் போனாலோ முன்பே வெட்டிக்கொண்டாலோ, இணைகோடு இணையாக இல்லை என்று பொருள். ஸ்கேலைக் கண்மதிப்பில் நகர்த்தினால் 2°, 3° திரும்பிவிடும்.

மூலை மட்டத்தை நகர்த்தும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மூலை மட்டத்தின் ஒரு விளிம்பை ஆ விசையின் மேல் ஒட்டினாற்போல வையுங்கள். அதன் மற்றொரு விளிம்பில் ஸ்கேலை வைத்து, இடக்கையால் ஸ்கேலை மட்டும் நன்றாக அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது மூலை மட்டத்தை ஸ்கேலோடு உரசியபடி தள்ளுங்கள், முதல் விளிம்பு அ-வின் தலையைத் தொடும் வரை. அங்கே கோடு கிழித்தால் அது ஆ விசைக்கு இணை. பெரும்பாலும் தப்பு நடப்பது தள்ளும்போது ஸ்கேலும் சேர்ந்து நகர்வதால்தான். தாள் வழுக்கினால் கீழே ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கிராஃப் தாளில் இதைவிட எளிய வழி உண்டு. கட்டங்களை எண்ணினால் போதும். ஆ விசையின் வாலிலிருந்து தலைக்குப் போக இடப்பக்கம் 5.1 செ.மீ., மேலே 6.1 செ.மீ. அதே அளவு இடப்பக்கமும் மேலேயும் அ-வின் தலையிலிருந்து எண்ணிப் புள்ளி வையுங்கள். கோணமானியே வேண்டாம். பின்னால் பாடத்தில் வரப்போகும் கூறுகள் முறை, அதாவது ஒரு வெக்டரைப் பக்கவாட்டாகவும் மேல்கீழாகவும் பிரிப்பது, இதுவேதான். பாடம் வரும்போது சமன்பாடாகத் தெரிவது, இங்கே கட்டம் எண்ணும் வேலையாகக் கைக்கு முன்பே பழகிவிடும். எண்ணிப் பார்த்தே விடையைச் சரிபார்க்கவும் செய்யலாம். அ விசை வலப்பக்கம் 5.6, மேலே 2.1. ஆ விசை இடப்பக்கம் 5.1, மேலே 6.1. மொத்தம் வலப்பக்கம் 0.5, மேலே 8.2. படத்தில் தொகுபயன் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டு இழுப்புகள் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிட்டன.

மூன்றாவது வெக்டர் சேர்ந்ததும் குழப்பம்

நம் கணக்கில் இ என்ற மூன்றாவது விசையைச் சேர்ப்போம். 50 நியூட்டன், 250° திசையில். ஆ-வின் தலையிலிருந்து 5 செ.மீ. கீழ்நோக்கி இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். விடை 37 நியூட்டன், 109°.

47 நியூட்டன், 326° என்று வந்தால் இ விசையை அ-வின் தலையிலிருந்து கிளப்பிவிட்டீர்கள், ஆ விசை கணக்கிலேயே சேரவில்லை. மூன்று கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும் படத்தில் இது எளிதாக நடக்கும். வரைந்து முடிந்ததும் தொடக்கப் புள்ளியில் பென்சிலை வைத்து, அம்புக்குறி போகும் திசையிலேயே கையை எடுக்காமல் கடைசித் தலை வரை போய்ப் பாருங்கள். எல்லா வெக்டர்களையும் ஒரே ஒரு முறை கடந்தால் சங்கிலி சரி.

‘என் படமும் நண்பர் படமும் வேறு வேறாக இருக்கிறது’ என்று பலர் பயப்படுவார்கள். மூன்று வெக்டர்களை ஆறு வரிசைகளில் அடுக்கலாம். ஆறிலும் பலகோணத்தின் வடிவம் மாறும், சிலவற்றில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். அதில் தப்பு எதுவும் இல்லை. கடைசித் தலை மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். இதை நம்பச் சொல்லவில்லை, வேறு நிறப் பென்சிலால் இ, அ, ஆ என்ற வரிசையில் அதே தாளில் வரைந்து பாருங்கள். சுற்றி வேறு வழியில் போன கோடுகள் கடைசியில் பழைய புள்ளியிலேயே வந்து முடிவதைக் கண்ணால் பார்ப்பது, விதியைப் பத்து முறை படிப்பதைவிட மனதில் நிற்கும். இரண்டு முடிவுகளும் 2 மி.மீ.க்கு மேல் விலகினால் ஏதோ ஒரு கோணம் தப்பு.

கழித்தல் கணக்கில் மட்டும் தப்பு வருகிறது

அ கழித்தல் ஆ என்றால் ஆ விசையை நேர் எதிராகத் திருப்பி, அப்புறம் கூட்ட வேண்டும். 130° திசை 310° ஆகும். விடை 115 நியூட்டன், 339°. மேலே பார்த்த அதே 115, இப்போது சரியான இடத்தில்.

திருப்புவது என்றால் 180° திருப்புவது. பலர் கண்ணாடிப் பிம்பம் மாதிரி 130°-ஐ 50° ஆக்கிவிடுகிறார்கள். வெக்டரின் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு அம்புக்குறியை மட்டும் அடுத்த முனைக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

திசைவேக மாற்றம் கேட்கும் கணக்குகளில் இன்னும் கவனம் தேவை. கிழக்கே விநாடிக்கு 20 மீட்டரில் போன வண்டி திரும்பி வடக்கே அதே வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திசைவேக மாற்றம் என்பது முடிவுத் திசைவேகம் கழித்தல் தொடக்கத் திசைவேகம். விடை விநாடிக்கு சுமார் 28 மீட்டர், வடமேற்கே. கூட்டிவிட்டாலும் அதே 28 தான் வரும், ஆனால் வடகிழக்கே. இங்கே இணைகரம் ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளம். ஆகவே எண் உங்களைக் காட்டிக்கொடுக்காது, திசை மட்டுமே காட்டும். தொடக்கத் திசைவேகத்தோடு நீங்கள் கண்ட மாற்றத்தைத் தலையில் வால் வைத்துக் கூட்டிப் பாருங்கள். முடிவுத் திசைவேகத்தில் போய் நிற்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் 79 அல்லது 85 வருகிறது

முறை சரி, அளவுதான் தவறுகிறது. பெரும்பாலோர் நீளத்தைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் கோணத்தைத்தான் பார்ப்பேன். 8 செ.மீ. கோட்டில் 1° தவறினால் அதன் முனை 1.4 மி.மீ. நகர்ந்துவிடும். நீளத்தில் 1 மி.மீ. தவறுவதை நம்மால் கண்டுபிடிக்க முடியும், 1° தவறுவது கண்ணுக்கே தெரியாது. கோணமானியின் விளிம்பில் வைக்கும் புள்ளி பெரிதாக இருந்தாலே அரை டிகிரி போய்விடும். பென்சிலைக் கூராக்கி, புள்ளியை முள் குத்திய மாதிரி வையுங்கள். தொகுபயனின் கோணத்தை அளக்கும்போது கோடு கோணமானியின் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். கோடு எண்களுக்கு முன்பே முடிந்துவிட்டால் மிச்சத்தைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும்.

ஸ்கேலில் ஒரு விஷயம். பல ஸ்கேல்களில் 0 விளிம்பிலேயே இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். முனை தேய்ந்த ஸ்கேலில் சிலர் 1-லிருந்து அளப்பார்கள், அது நல்ல பழக்கம்தான், 6 செ.மீ. கோட்டை 7-இல் முடித்தால். 1-இல் தொடங்கி 6-இலேயே முடித்துவிட்டால் கோடு 5 செ.மீ. இரண்டு விசைகளையும் அப்படியே வரைந்து, தொகுபயனையும் 1-இல் வைத்து அளந்தால் ஸ்கேல் 8.1 காட்டும். சரியான 8.2-க்கு இவ்வளவு பக்கத்தில்! கோணமும் 88°-ஐ ஒட்டியே வரும். தப்பு தன்னையே மறைத்துக்கொள்வது இந்த ஓர் இடத்தில்தான். வரைந்த ஒவ்வொரு கோட்டையும் ஸ்கேலைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை அளந்தால் மாட்டிக்கொள்ளும்.

படத்தைப் பெரிதாக வரைவதும் உதவும். 1 செ.மீ.க்கு 5 நியூட்டன் என்று வைத்தால் கோடுகள் 12, 16 செ.மீ. ஆகும், தொகுபயன் 16.4 செ.மீ. 1 மி.மீ. தவறினால் அரை நியூட்டன்தான் போகும். கோணப் பிழைக்கு மட்டும் இது மருந்தாகாது. கோடு இரண்டு மடங்கானால் முனை நகர்வதும் இரண்டு மடங்காகும்.

மேலே சொன்ன எந்த எண்ணும் ஒத்துவரவில்லை

அப்படியானால் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் கலந்திருக்கின்றன. படத்தை அப்படியே வைத்துவிட்டு, வேறு தாளில் இதை வரையுங்கள்: 20° திசையில் 40 நியூட்டன், 110° திசையில் 30 நியூட்டன், 1 செ.மீ.க்கு 5 நியூட்டன். இரண்டும் செங்குத்து, ஆகவே விடை 50 நியூட்டன் என்பது முன்பே தெரியும். கோட்டின் நீளம் 10 செ.மீ., கோணம் 57°. நீளம் குறைந்தாலோ கூடினாலோ ஸ்கேலையும் கோணமானியின் வரிசையையும் பாருங்கள். நீளம் சரியாக இருந்து கோணம் மட்டும் 37° வந்தால் 40 நியூட்டன் விசையிலிருந்து அளந்திருக்கிறீர்கள். இரண்டும் சரி என்றால் உங்கள் கருவிகளிலும் கையிலும் குறை இல்லை. பழைய தாளுக்குத் திரும்பி, ஒவ்வொரு வெக்டரையும் தனித்தனியாக, வாலிலிருந்து தலைக்கு வலப்பக்கம் எத்தனை, மேலே எத்தனை என்று எண்ணி, கணக்கில் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராத கோட்டை மட்டும் அழித்துவிட்டு வரைந்தால் போதும்.